மகளுக்குக் குளுட்டதியோன் ஊசி போடச் சொல்கிறார்கள்: உதவி தேவை

வணக்கம். பிலிப்பைன்ஸின் செபுவில் வசிக்கிறேன். மனைவி இந்த ஊர்க்காரர். மகளுக்கு விரைவில் 18 வயது. இங்கே பெண்களின் அந்தப் பிறந்தநாளைக் கல்யாணம் போலக் கொண்டாடுவார்கள். அதற்குள் அவளை வெளுப்பாக்கிவிட வேண்டும் என்று மாமியார் வீட்டில் குளுட்டதியோன் ஊசிக்குப் பேசி வைத்திருக்கிறார்கள். பப்பாளி சோப்பு வரை பொறுத்துக்கொண்டேன். இது நரம்பில் ஏற்றும் மருந்து!

சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தைக் கொடுக்கும் கீமோதெரபிக்குத் துணை மருந்தாகத்தான் இந்த ஊசிக்கு இந்நாட்டில் அனுமதி. சிறுநீரகமும் கல்லீரலும் பாதிக்கப்படலாம் என்று இங்குள்ள உணவு, மருந்து நிர்வாகம் 2019இல் எச்சரித்திருக்கிறது. சொன்னால், 'எல்லாரும் போடுகிறார்களே' என்கிறார்கள். மாமியார் கெட்டவர் அல்லர். முந்நூறு ஆண்டுக்கும் மேலான ஸ்பானிய ஆட்சியும் பிறகு அமெரிக்க ஆட்சியும் வெள்ளைத் தோலை மேலிடத்தில் வைத்த நாடு இது. தொலைக்காட்சியில் இன்றும் மெஸ்டிசா (வெள்ளையர் கலப்புள்ள பெண்கள்) முகங்களே அதிகம். என் மகளோ மாநிறத்தில் அவ்வளவு அழகு.

குழுவில் தோல் மருத்துவர்கள் இருந்தால், பெரியவர்களுக்குப் புரியும்படி இதன் ஆபத்தை எப்படி விளக்குவது என்று எழுதுங்கள். செபுவானோவிலோ தகாலோகிலோ நம்பகமான காணொளி இருந்தாலும் அனுப்புங்கள். பிலிப்பைன்ஸ் குடும்பத்தில் மணமுடித்தவர்கள், மனம் நோகாமல் எப்படி மறுத்தீர்கள்? அடுத்த வாரம் மருத்துவமனைக்கு அழைத்துப் போவதாகச் சொல்கிறார்கள். அதற்குள் பதில் கிடைத்தால் நன்று.