பொருள்: 'தூண்டல்' வேண்டாம், 'வரவழைப்பு' என்போம்

ஐயா, வணக்கம்.

சைகை மொழி ஆய்வில், சைகையாளரிடமிருந்து (சைகை மொழியில் பேசுபவர்) ஒரு சைகையைப் பெற ஆய்வாளர் செய்யும் வேலைக்குத் 'தூண்டல்' போதும், உளவியல் பாடநூலிலேயே தூண்டல்–துலங்கல் இருக்கிறதே என்று எழுதியிருந்தீர்கள். பாடநூலில் சரி. தண்டையார்பேட்டை மொட்டைமாடியில் கேமராவை நிறுத்திவிட்டு, 'உங்களைத் தூண்டிப் படம் எடுப்போம்' என்று அச்சடித்த ஒப்புதல் படிவத்தை நீட்டிப் பாருங்கள். ஒரு கையெழுத்து விழாது. நாளிதழில் அந்தச் சொல் எந்த மாதிரிச் செய்தியோடு வருகிறது என்பது எல்லாருக்கும் தெரியும்.

இதே வேலைக்கு அக்கா சொன்ன 'அடியெடுத்துக் கொடுத்தல்' அழகான சொல். வால்டாக்ஸ் ரோடு ஒற்றைவாடையில் நாடகம் நடந்த காலத்தில் மறைவில் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பார்களே, அந்த வேலைதான் இது என்று தோன்றும். ஆனால் தில்லையில் 'உலகெலாம்' என்று அடி கிடைத்ததும் சேக்கிழார் அதே சொல்லில்தானே தொடங்கினார்? கொடுத்தது அப்படியே திரும்பி வருகிறது. நமக்கு அதுதான் வம்பு. கை எந்த உயரத்தில் நின்றது, எவ்வளவு நகர்ந்தது என்று அளக்கப் போகிறோம். இன்னொருவர் செய்த வீடியோவைக் காட்டி 'இதே மாதிரி செய்யுங்கள்' என்றால், அளப்பது யாருடைய பழக்கத்தை?

படம் காட்டினால் அந்தத் தொல்லை இல்லை, வேறு தொல்லை. காசிமேட்டுக்காரரிடம் மீன் படத்தை நீட்டினால் வெறும் 'மீன்' எப்படி வரும்? வஞ்சிரமா சங்கராவா என்று உற்றுப் பார்த்து அதைத்தான் சொல்வார்! தமிழ்ச் சொல் எழுதிய அட்டையைக் காட்டினாலோ உதட்டில் தமிழ் அசையும், சைகை வரிசையிலும் தமிழ் வாக்கியம் புகுந்துகொள்ளும். ஆனாலும் அட்டையைத் தூக்கிப் போட முடியாது. அமெரிக்கச் சைகை மொழியில் நெற்றியருகே செய்யும் சைகை, வேகம் கூடும்போதும் பக்கத்துச் சைகை தாழ இருக்கும்போதும் கீழே இறங்குவதை 2010-ல் டைரோன், மாக் என்ற ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். இப்படி அளக்க, முன்னும் பின்னும் எந்தச் சைகை வரவேண்டும் என்பதை நாமே முடிவு செய்தாக வேண்டும். படத்தை மட்டும் வைத்து அது லேசில் நடக்காது.

ஆகவே பொதுச்சொல் 'வரவழைப்பு'. அதன் கீழ் பட வரவழைப்பு, அட்டை வரவழைப்பு. வீடியோ மாதிரியைக் காட்டுவதற்கு மட்டும் அக்காவின் சொல்லைச் சுருக்கி 'அடியெடுப்பு' என்று வைக்கலாம். கட்டுரையில் அதைப் பார்த்ததுமே படிப்பவர் உஷாராகிவிடுவார்.

ஒலியே இல்லாத மொழிக்கு 'ஒலியியல்' ஏன் என்ற கேள்விக்கு: 1960-ல் அமெரிக்கச் சைகை மொழியை ஆராய்ந்த ஸ்டோக்கி, ஒலியன் (பேச்சு மொழியின் அடிப்படை ஒலி அலகு) என்பதற்குப் பதிலாக, கை என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'கெரீம்' என்று புதிதாக ஒன்றைச் செய்தார். அது நிலைக்கவில்லை. துறை பழைய சொல்லுக்கே திரும்பிவிட்டது. நாமும் 'ஒலியியல்' என்பதைத் தொடாமல் விடுவோம்.