சூடானதும் ஸ்லோ (ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் ஓட்டம்) நிற்கவில்லை, அவசரமாக உதவி வேண்டும்

முசிறிக்காரன்:
வணக்கம். அப்பாவின் பழைய கார், பெட்ரோல். காலையில் சோக் இழுத்து ஸ்டார்ட் செய்தால் ஸ்லோ அருமையாக நிற்கிறது. கொஞ்ச தூரம் ஓடிச் சூடானதும் சிக்னலிலோ ரயில்வே கேட்டிலோ ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் உடனே ஆஃப். ஸ்லோ ஸ்க்ரூவை ஏற்றி வைத்தால் கத்துகிறது, குறைத்தால் ஆஃப் ஆகிவிடுகிறது, நடுவில் ஒரு இடமே கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு திருச்சி போக வேண்டும், யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

மூன்று சிலிண்டர்:
என்ன வண்டி சார்? பழைய கார்ப்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற பாகம்) வைத்த மாருதி 800 என்றால் முதலில் கார்ப்பரேட்டரில் ஒயர் போகிற அந்த சொலினாய்டை (பெட்ரோலைத் திறந்து மூடும் மின் வால்வு) பாருங்கள். சாவியை ஆன் செய்ததும் 'டிக்' என்று சத்தம் வர வேண்டும். வரவில்லை என்றால் ஸ்லோ பாதைக்குப் பெட்ரோல் போகாது, நீங்கள் ஸ்க்ரூவை எவ்வளவு திருப்பினாலும் பயனில்லை.

பாயிண்ட் பிளக்:
சூடானதும்தான் பிரச்சினை என்றால் கண்டன்சர், பாயிண்ட் கருகாமல் காக்கிற சின்ன மின்பாகம். வேறு எதையும் தொட வேண்டாம், நல்ல கண்டன்சர் ஒன்று வாங்கிப் போட்டுவிட்டு, பாயிண்ட் (தீப்பொறிக்கான மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் தொடுமுனை) இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து சரிபாருங்கள். பத்தில் எட்டு 'கார்ப்பரேட்டர் கம்ப்ளெயின்ட்' பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்தான் இருக்கிறது.

பழைய கியர்:
தம்பி, வண்டி என்ன, எந்த வருடம், பாயிண்டா எலக்ட்ரானிக்கா, கடைசியாக யார் எதைக் கழற்றினார்கள், இதில் ஒன்றுகூடச் சொல்லவில்லை. அதற்குள் இங்கே ஆளுக்கொரு பார்ட் மாற்றச் சொல்கிறார்கள். முதலில் டாப்பெட் (வால்வு இடைவெளி), அப்புறம் பாயிண்ட், அப்புறம் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்), கடைசியாகத்தான் கார்ப்பரேட்டர். இந்த வரிசை தெரியாதவர்கள் ஸ்க்ரூ டிரைவரையே தொடக்கூடாது. பழைய இழைகளில் இதைப் பலமுறை எழுதிவிட்டேன், யாரும் படிப்பதில்லை.

முசிறிக்காரன்:
பிரீமியர் பத்மினி கார், சார், 1990 மாடல், சோலெக்ஸ் கார்ப்பரேட்டர். கண்டன்சர் புதிது.

கரூர் வண்டி:
பத்மினி என்றால் இ20 பெட்ரோல்தான் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) காரணம், இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. எங்கள் ஊரில் பழைய வண்டி வைத்திருக்கிற எல்லாரும் இதையேதான் சொல்கிறார்கள். பம்ப் டயாஃப்ரமை, அதாவது பெட்ரோலை இழுக்கிற பம்புக்குள் இருக்கும் ரப்பர் சவ்வை மாற்றுங்கள், ரப்பர் எல்லாம் போயிருக்கும்.

லேத் பட்டறை:
முசிறி நண்பரே, மூன்று விஷயம் சொல்லுங்கள். சூடாக இருக்கும்போது மிக்சர் ஸ்க்ரூவை (ஸ்லோவுக்குப் போகும் பெட்ரோலைச் சரிசெய்வது) முழுசாக உள்ளே திருகினால் இன்ஜின் ஆஃப் ஆகிறதா? ஆக்சிலேட்டர் ஸ்பிண்டிலை (கார்ப்பரேட்டரில் த்ராட்டில் தட்டைத் திருப்பும் தண்டு) விரலால் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் இருக்கிறதா? சமீபத்தில் கார்ப்பரேட்டரை யாராவது இறக்கினார்களா?

மூன்று சிலிண்டர்:
கரூர் அண்ணா, இ20 என்றால் ஓட்டத்திலும் தெரிய வேண்டுமே? அவருக்கு ஸ்லோ மட்டும்தானே நிற்கவில்லை.

கரூர் வண்டி:
எல்லாவற்றிலும் தெரியும் தம்பி, அவர் கவனித்திருக்க மாட்டார். எத்தனால் 2022இல் 10 சதவீதம், 2025இல் 20. அந்தக் காலத்து வண்டியை இதற்காகவா செய்தார்கள்?

பழைய கியர்:
கணக்கே தெரியாமல் பேச வேண்டாம். பெட்ரோல் முழுசாக எரிய எடையில் ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும். 20 சதவீதம் கலந்தால் கலவை சுமார் 8 சதவீதம் மெலியும், அதாவது காற்று அதிகமாகத் தெரியும். ஜெட்டும் (பெட்ரோல் வரும் சின்னத் துளை) ஸ்க்ரூவும் சரி செய்கிற அளவுதான் அது. இதற்காக ஒரு வண்டி சிக்னலில் ஆஃப் ஆகாது.

கரூர் வண்டி:
ரப்பரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லையே. பம்ப் டயாஃப்ரம் ஊறிப்போய் நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். கணக்கு உங்களிடமே இருக்கட்டும்.

முசிறிக்காரன்:
லேத் அண்ணா, மிக்சர் ஸ்க்ரூவை முழுசாக மூடினாலும் ஒரு மாற்றமும் இல்லை, அப்படியே ஓடுகிறது. ஸ்பிண்டிலில் லேசான ஆட்டம். போன மாதம் மெக்கானிக் கார்ப்பரேட்டரை இறக்கி கிட் (புதுப் பேக்கிங், சின்ன உதிரிகள்) போட்டு ஏற்றினார், அதற்குப் பிறகுதான் இது.

லேத் பட்டறை:
முதல் பதிவிலேயே வர வேண்டிய விஷயம் இது. சரி, சொல்கிறேன்.

ஸ்லோ ஸ்க்ரூவை நிறைய ஏற்றியிருப்பதால் த்ராட்டில் தட்டு (ஆக்சிலேட்டரை மிதித்தால் திறக்கும் மூடி) சற்றுத் திறந்தே இருக்கிறது. தட்டின் விளிம்புக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள் உண்டு, ஸ்லோவிலிருந்து வேகம் எடுக்கும்போது உதவ. தட்டு அதைத் தாண்டித் திறந்தால் பெட்ரோல் அந்த வழியாகவே வந்துவிடும், மிக்சர் ஸ்க்ரூவுக்கு வேலையே இருக்காது. அந்த ஓட்டைகளுக்கும் பெட்ரோல் ஸ்லோ ஜெட் வழியாகத்தான் வருகிறது, ஆகவே ஜெட் முழுசாக அடைத்திருக்க வாய்ப்பில்லை. அப்படியென்றால் எங்கோ தேவையில்லாத காற்று உள்ளே போகிறது. காலையில் சோக் இழுப்பதால் கலவை கெட்டியாகி இதை மறைத்துவிடுகிறது, சூடாகி சோக்கைத் தள்ளியதும் வெளியே தெரிகிறது.

இரண்டு சோதனை. சூடாக ஓடும்போது காற்று ஃபில்டரைக் கழற்றி, கார்ப்பரேட்டர் வாயைக் கையால் பாதி மூடுங்கள். ஓட்டம் தெளிந்தால் கலவை மெலிவு உறுதி. அடுத்து கார்ப்பரேட்டருக்கு அடியில் உள்ள பேக்கிங் பக்கம் கார்ப்பரேட்டர் கிளீனரைத் துளியாக அடியுங்கள், வேகம் மாறினால் அங்கேதான் காற்று எடுக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர், பிளக் ஒயர், சூடான மேனிஃபோல்டு பக்கம் அடிக்காதீர்கள், தீப்பிடிக்கும்.

பெரும்பாலும் கார்ப்பரேட்டரின் அடித் தளம் வளைந்திருக்கும். அதைப் பிடிக்கிற இரண்டு ஸ்டட் நட்டையும் மெக்கானிக் அழுத்தமாக முறுக்கினால் அந்த மெல்லிய உலோகத்தின் இரு காதும் கீழே வளைந்து, நடுவில் இடைவெளி விழும். புதுப் பேக்கிங் போட்டாலும் அது அடங்காது. கார்ப்பரேட்டரை இறக்கி, அடியில் ஸ்டீல் ஸ்கேல் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள்.

பழைய கியர்:
டாப்பெட்டைப் பார்க்காமல் இதற்குப் போவது தலைகீழ் வேலை.

லேத் பட்டறை:
சார், கிட் போட்ட மறுநாளிலிருந்து வந்த கோளாறுக்கு டாப்பெட் என்ன செய்யும்? கைப்பட்ட இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பாயிண்ட் பிளக்:
கண்டன்சர் புதிது என்றீர்களே, எந்தக் கம்பெனி? இப்போது வருகிற புதியது பாதி முதல் வாரத்திலேயே போய்விடுகிறது. பழையது இருந்தால் போட்டுப் பாருங்கள்.

கரூர் வண்டி:
பம்ப் டயாஃப்ரமைப் பார்த்தீர்களா முசிறி?

முசிறிக்காரன்:
ஸ்கேல் வைத்ததில் நடுவில் நன்றாக வெளிச்சம் தெரிந்தது. கண்ணாடி மேல் எமரி பேப்பர் வைத்துத் தேய்த்து, புதுப் பேக்கிங் போட்டு அளவாக முறுக்கினேன். ஸ்லோ ஸ்க்ரூவை இறக்கியாயிற்று, இப்போது மிக்சர் ஸ்க்ரூவுக்கும் பதில் சொல்கிறது. சூடானாலும் ஸ்லோ ஆஃப் ஆகாமல் நிற்கிறது. நன்றி அண்ணா, கிளம்புகிறேன்.

லேத் பட்டறை:
நல்லது. அந்த ஸ்பிண்டில் ஆட்டத்தை விடாதீர்கள், அது வழியாகவும் காற்று போகும், கொஞ்ச நாளில் இதே தொல்லை திரும்ப வரும். லேத்தில் கொடுத்து புஷ் (தண்டு சுற்றும் வளையம்) போடச் சொல்லுங்கள். ஸ்பிண்டில் தேய்ந்திருந்தால் அதையும் மாற்றித்தான் ஆக வேண்டும், புஷ் மட்டும் போட்டால் பயனில்லை. ஆட்டம் எவ்வளவு என்று ஒரு வீடியோ போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

கரூர் வண்டி:
டயாஃப்ரம் என்ன நிலையில் இருந்தது என்று யாராவது கேளுங்களேன்.