அத்தையின் பயாப்ஸி ரிப்போர்ட்: ஸ்லைடுகளை மறுபடி பார்க்கச் சொல்வது பற்றி உதவி தேவை

வணக்கம். திருச்சியில் இருக்கும் என் அத்தைக்கு (வயது 61) மார்பில் இருந்த கட்டியை அகற்றினார்கள். அளவு 1.8 செ.மீ. ரிப்போர்ட்டில் 'அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா' (ஒரு அரிய வகைப் புற்றுநோய்) என்று இருக்கிறது. ஈஆர், பிஆர் (ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்2 (ஒரு புரதம்) மூன்றும் நெகட்டிவ், சிடி117 (செல்களில் பார்க்கும் இன்னொரு புரதம்) பாசிட்டிவ். அக்குள் நெறிக்கட்டிகளில் பரவல் இல்லை.

இப்படி மூன்றும் நெகட்டிவ் ஆன 'ட்ரிப்பிள் நெகட்டிவ்' வகை பொதுவாக வேகமாக வளரும் என்பதால், அந்தப் பெயரைக் கேட்டதும் வீட்டில் எல்லோரும் ஆடிப்போய்விட்டார்கள். ஆனால் இது வேறு ரகம். உமிழ்நீர்ச் சுரப்பிகளில் அதிகம் வருவது. மார்பகப் புற்றுநோய்களில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. நுண்ணோக்கியில் சல்லடை போல ஓட்டைகள் தெரியும், இரண்டு விதச் செல்கள் கலந்திருக்கும். பெரும்பாலும் மெதுவாகத்தான் வளரும், நெறிக்கட்டிக்குப் போவது அரிது. ஓட்டையே இல்லாமல் திட்டுத்திட்டாக அடர்ந்து வளரும் பேசலாய்டு வகைதான் மூர்க்கமானது. அத்தையின் ரிப்போர்ட்டில் எந்த வகை என்றே எழுதவில்லை! கீமோ பற்றிய முடிவுக்கு அது முக்கியம் இல்லையா?

அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலோ வேலூர் சிஎம்சியிலோ ஸ்லைடுகளைக் கொடுத்து இரண்டாவது கருத்து வாங்கியவர்கள் இருக்கிறீர்களா? பாரஃபின் பிளாக்கையும் (கட்டியின் திசுவை மெழுகில் பதித்து வைத்திருப்பது) கேட்பார்களா? நோயாளியும் நேரில் வர வேண்டுமா? அப்புறம், இந்த வகைப் புற்றுநோயில் அடிக்கடி இருக்கும் எம்ஒய்பி மரபணு மாற்றத்தைப் பார்க்கும் ஃபிஷ் பரிசோதனை தமிழ்நாட்டில் எங்கே செய்கிறார்கள், தோராயமாக எவ்வளவு ஆகும்?

மூலிகை, டயட் யோசனைகள் இப்போதைக்கு வேண்டாம், கோபித்துக்கொள்ளாதீர்கள். அத்தையிடம் இன்னும் முழு விவரம் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் யாரும் அவருக்கு போன் செய்ய வேண்டாம், இங்கேயே எழுதுங்கள்.