கோல்ஃப் ஜிடிஐ எம்கே7: இன்டர்கூலர் மாற்றலாமா?

கேள்வி: என் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ காரில் ஸ்டேஜ் 1 ட்யூன் (மென்பொருளை மட்டும் மாற்றி சக்தி கூட்டுவது). முதல் இழுப்பு (முழு ஆக்ஸிலரேட்டர் ஓட்டம்) அருமை. மூன்றாவதில் இன்டேக் (இன்ஜினுக்குள் போகும் காற்று) வெப்பம் 65 டிகிரி, வண்டி சோர்ந்துவிடுகிறது. வெளியே 32 தான். பெரிய இன்டர்கூலர் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பாகம்) உதவுமா?

பதில் 1: நிச்சயம் உதவும். காற்று சூடானால் 'நாக்' (எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடிப்பது) வராமலிருக்க ஈசியூ (இன்ஜின் கணினி) இக்னிஷன் டைமிங்கைக் குறைக்கும் (தீப்பொறியைத் தாமதமாக்கும்), சோர்வு அதனால்தான். இன்டர்கூலர் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கு. பம்பரைக் கழற்றி, லாக் கேரியரை (ரேடியேட்டரைத் தாங்கும் முன்பக்கச் சட்டத்தை) முன்னால் இழுத்து வைங்க. கண்டென்சர் பைப்பை வளைச்சிடாதீங்க, கேஸ் போயிடும். ஹோஸ் சீல்களைப் புதுசாப் போடுங்க.

பதில் 2: தடிமனை மட்டும் பார்த்து வாங்காதீங்க. கோர் (காற்று ஊடுருவும் நடுப்பகுதி) தடித்தால் ரேடியேட்டருக்குக் காற்று குறைந்து கூலன்ட் சூடாகும். பார்-பிளேட் வகைக் கோர் கனமானது, சூடேற நேரமாகும், ஆறவும் நேரமாகும். டியூப்-ஃபின் வகை சீக்கிரம் ஆறும். ஓரத்து இடைவெளிகளை ஃபோம் வைத்து அடைங்க; இல்லையென்றால் காற்று கோரைச் சுற்றிப் போய்விடும். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

பதில் 3: மாட்டியதும் 1 பார் அழுத்தம் கொடுத்து, இணைப்புகளில் சோப்பு நீர் தெளித்துப் பாருங்க. கசிவு இருந்தால் பி0299 (டர்போ அழுத்தம் குறைவு) என்ற பிழைக் கோடு வரலாம். பழைய இன்டர்கூலரில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இயல்பு. தேங்கி நின்றால் முதலில் பிசிவியை (கிரான்க்கேஸ் வாயுவை வெளியேற்றும் வால்வை) பாருங்க.

கேள்வி கேட்டவர்: ட்யூனும் மாற்றணுமா?

பதில் 1: கட்டாயமில்லை. டேட்டா லாக் (சென்சார் பதிவு) எடுத்து, மாற்றுவதற்கு முன்னும் பின்னும் டைமிங் குறைப்பை ஒப்பிடுங்க.