போக்கர் கணக்கைக் கற்க உதவி வேண்டும்

குழுவினருக்கு வணக்கம். கிரிக்கெட் ஸ்கோர் விவரங்களை மனப்பாடமாக ஒப்பிக்கும் என் தம்பி, கல்லூரி விடுதியில் போக்கர் சீட்டாட்டத்தின் ஒரு வகையான டெக்சாஸ் ஹோல்டெம் ஆடத் தொடங்கியதிலிருந்து ரன் ரேட்டை மறந்து சீட்டுக் கணக்கையே பேசுகிறான். கையில் இரண்டும் மேசையில் மூன்றுமாகத் தெரியும் ஐந்து சீட்டுகளில் நான்கு ஆட்டின் சேர்ந்திருந்தால், கண்ணில் படாத 47 சீட்டுகளில் 9 ஆட்டின் இருப்பதால், அடுத்த சீட்டிலேயே ஃப்ளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டுகள்) அமைய ஏறத்தாழ 19 சதவீத வாய்ப்புதான் என்று எனக்கே பாடம் நடத்துகிறான் (ஆர்வம் எனக்கும் தொற்றிவிட்டது என்பது வேறு விஷயம்). சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் போக்கரைத் திறன் விளையாட்டாக ஏற்றிருந்தாலும், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடைசெய்திருப்பதால், பண மதிப்பில்லாத வெறும் சிப்ஸ் (விளையாட்டு வில்லைகள்) வைத்துப் பழகும் வழியையே தேடுகிறோம். எப்போது தொடர்வது, எப்போது சீட்டைக் கவிழ்ப்பது என்பதைத் தமிழில் தெளிவாக விளக்கும் காணொளிகளோ, பணம் கேட்காத பயிற்சிச் செயலிகளோ தெரிந்தவர்கள் அன்புகூர்ந்து பரிந்துரைக்க வேண்டுகிறேன்.