மறு: பொட்டாசியம் சேனல் – கால்வாயா, தடமா, மதகா?

வணக்கமுங்க எல்லாருக்கும்.

நம்ம கட்டுரையில 'ion channel'க்கு, அதாவது செல் சவ்வுல இருந்துக்கிட்டு அயனிய (மின்னேற்றம் இருக்கற அணுவ) விடற புரதத்துக்கு, 'அயனிக் கால்வாய்'னு ஒருக்கா வெச்சது வெச்சதுதான், இன்னும் பேர் மாத்திக்கிட்டே இருந்தா கட்டுரை எப்ப முடியறதுன்னு கோபி அண்ணன் கேட்டிருந்தாருங்க. நியாயந்தான். பொதுவான உயிரியல் பாடமா இருந்தா நானும் வாயத் தொறந்திருக்க மாட்டேன். ஆனா இது உள்காது நரம்பைப் பத்தின கட்டுரை, அங்கதான் இடிக்குது. காதுக்குள்ள அரைவட்டக் கால்வாய் ஏற்கனவே மூணு இருக்குது, காது ஓட்டையில இருந்து செவிப்பறை வரைக்கும் போறதையும் கால்வாய்னுதான் எழுதறாங்க, காக்ளியாவுக்குள்ள (உள்காதுல நத்தை ஓடு மாதிரி சுருண்டிருக்கற பாகம்) இருக்கற மூணு அறையையும் சில பேரு அப்படியே சொல்றாங்க. இதுக்கும் மேல நரம்புச் சவ்வுல இருக்கற ஒரு புரதத்துக்கும் அதே பேர வெச்சோம்னா எந்தக் கால்வாய் எந்தக் கால்வாய்க்குள்ளன்னு படிக்கறவங்க மண்டைய பிச்சுக்குவாங்க.

அளவும் பொருந்தலைங்க. கீழ்பவானி வாய்க்கால் பவானிசாகர்ல கெளம்பி 200 கிலோமீட்டர் ஓடுது, வாய்க்கால்னா நமக்கு மனசுல வர்றது அந்த நீளம்தான். செல் சவ்வோட தடிமன் 4 நானோமீட்டர் சுமார். அதுல ஓடறதுக்கு எங்கீங்க எடம், இக்கட்ட நுழைஞ்சா அக்கட்ட வந்தாச்சு. அந்தப் புரதத்துக்கு உள்ள பெரிய வேலையே தொறக்கறதும் மூடறதும்தான்.

பொள்ளாச்சி அக்கா சொன்ன 'தடம்' கேக்க நல்லாத்தான் இருக்குது, ஆனா நம்ம பக்கம் தடம்னா வண்டி போற வழி, ராத்திரி பகல் எந்நேரமும் தொறந்தே கெடக்கறது. காங்கயத்துத் தம்பி 'பொட்டாசிய வெளியேற்றி'ன்னு போட்டிருந்தாப்புல, நரம்புக்கு அது சரி, செல்லுக்கு உள்ள பொட்டாசியம் ஜாஸ்தி, வெளிய கம்மி, தொறந்தா வெளியதான் போகும். ஆனா காதுல ஒரு எடத்துல கதையே தலைகீழுங்க தம்பி. சத்தத்த உணர்ற ரோமச் செல்லோட உச்சி முங்கியிருக்கற எண்டோலிம்ஃப் திரவத்துல பொட்டாசியம் 150 மில்லிமோலார் கிட்ட இருக்குது, சோடியம் பேருக்குத்தான், போதாததுக்கு அங்க 80 மில்லிவோல்ட் பக்கம் நேர்மின்னழுத்தம் வேற. அதனால சத்தம் வந்து ரோமம் சாஞ்சா உச்சியில பொட்டாசியம் உள்ள பாயுது, அடிப்பக்கமா வெளிய போகுது. உச்சியில இருக்கறது பொட்டாசியத்துக்குன்னே ஆனதில்ல, நேர்மின் அயனி எது வந்தாலும் விடும், அது வேற கதை. நான் சொல்ல வந்தது, எந்தப் பக்கம் போகுதுங்கறத பேருலயே வெச்சுப்போட்டா பின்னாடி நம்மளே மாட்டிக்குவோம்.

அதுக்கோசரம்தான் 'மதகு'ங்கறேன். ஒத்தப்படை மதகுக்கு இந்தத் தடவை தண்ணி, ரெட்டப்படைக்கு அடுத்த தடவைன்னு டீக்கடையில பேசற ஊருங்க நம்முது, மதகுன்னா தொறக்கும், மூடும், எப்பத் தொறக்கோணும்கறதுக்கு ஒரு மொறை இருக்குதுன்னு யாருக்கும் வெளக்க வேண்டியதில்ல. தண்ணி மேட்டுல இருந்து பள்ளத்துக்குத் தானா போகுது, மதகு எதையும் தள்ளறதில்ல. அயனி சேனலும் அப்படித்தான், தள்ளற வேலை சோடியம் பொட்டாசியம் பம்ப்போடது, மூணு சோடியத்த வெளிய தள்ளி ரெண்டு பொட்டாசியத்த உள்ள இழுக்கறது, அதுக்கு 'இறைப்பி'ன்னு வெச்சா ஜோடியும் சேந்துருது.

காது நரம்புல இந்த மதகு செய்யற காரியத்த கொஞ்சம் விரிவாவே எழுதோணுமுங்க, கட்டுரையோட உசுரே அதுதான். மனுசன் காது ஒன்னுல சுமார் 30,000 நரம்பிழை இருக்குது, அதுல நூத்துக்கு 95 தடியா, மையலின்ங்கற கொழுப்பு உறை போட்டது. நரம்புத் துடிப்புல மொதல்ல சோடிய மதகு தொறந்து மின்னழுத்தம் ஏறும், பின்னால பொட்டாசிய மதகு தொறந்து எறக்கும், ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952ல கணவாய் மீன் நரம்புல காட்டுனது இதுதான். ஆனா காது நரம்புல கேவி-1 (Kv1) குடும்பத்துப் பொட்டாசிய மதகு ஓய்வு அழுத்தத்துல இருந்து லேசா ஏறுன ஒடனே தொறந்துக்குது. மெதுவா ஏறி வர்ற சிக்னல் இதத் தாண்டவே முடியாது, வெடுக்குன்னு வர்றது மட்டுந்தான் துடிப்பாகும், அதுவும் ஒன்னு போட்டுட்டு அடங்கிரும். கேவி-3 குடும்பம் வேற ரகம், அழுத்தம் நல்லா ஏறுன பொறவுதான் தொறக்கும், சடார்னு எறக்கிப்போட்டு தானும் சடார்னு மூடிக்கும், அதனால நரம்பு அடுத்த துடிப்புக்கு ஒடனே தயார். இப்படி நேரம் தவறாம துடிக்கறதாலதான் ரெண்டு காதுக்கும் நடுவுல 10 மைக்ரோசெகண்டு வித்தியாசம் இருந்தாலும் சத்தம் எந்தப் பக்கம்னு மூளைக்குப் பிடிபடுது.

வேலை செய்யற எடத்துல நடந்தத ஒன்னு சொல்றேனுங்க. தறிக்கூடத்துக்காரங்க காது டெஸ்டுக்கு வருவாங்க, ஆடியோகிராம்ல (எந்தச் சத்தம் எவ்வளவு கேக்குதுன்னு காட்டற கோட்டுப் படம்) 4000 ஹெர்ட்ஸ் பக்கம் குழி விழுந்திருந்தா பாத்தவுடனே தறிச் சத்தம்னு தோணிரும். ஒருக்கா ஒரு அப்பாவும் மகனும் வந்தாங்க, மகன் தறிப் பக்கமே போனதில்ல, ரெண்டு பேருக்கும் கீச்சுக் குரல் பக்கம் கோடு சறுக்கிக்கிட்டே போகுது. கேசிஎன்க்யூ-4ங்கற மரபணுவுல பழுது இருந்தா வர்ற பரம்பரைக் காது கேளாக் குறை இந்த மாதிரி இருக்கும், 1999ல கண்டுபிடிச்சது, வெளி ரோமச் செல்லோட அடியில பொட்டாசியம் வெளிய போற எடம் கெட்டுருது. இப்படி ஒன்னாவும் இருக்கலாம், ஜீன் டெஸ்ட் பண்ணாத்தான் தெரியும்னு சொல்றதுக்குள்ள 'சேனல்'னதும் அந்த அப்பா டிவின்னுதான் நெனச்சாரு. மதகு சரியா தொறக்கறதில்லீங்கன்னேன். "அப்ப தண்ணி தேங்கி பயிர் அழுகுமே"ன்னாரு. அதேதான், பொட்டாசியம் தேங்கித்தான் செல் சாகுதுன்னு நெனைக்கறாங்க.

—

பொள்ளாச்சி அக்கா எழுதியது:

தம்பி, தடத்த விட்டுத் தரேன், ஆனா மதகுல ஒரு கோளாறு இருக்குது. மதகு தொறந்தா தண்ணியோட மீனு, ஆகாயத்தாமரை, பிளாஸ்டிக் பாட்டில் எல்லாம் சேந்துதான வருது? இது பொட்டாசியத்த மட்டுந்தான விடுது. அந்தக் குணம் பேருல வர வேண்டாமா? 'பொட்டாசியச் சல்லடை'ன்னா என்னவாம்? இல்லீன்னா பழைய ஏரிப் பேச்சுல வர்ற 'தூம்பு'?

—

அக்கா, தூம்பு நல்ல சொல்லுதான், நம்ம பக்கம் பேச்சுல இல்ல, அவ்வளவுதான் குறை. சல்லடை மட்டும் வேண்டவே வேண்டாமுங்க, அது தப்பாவே சொல்லிக் குடுத்துரும். சல்லடையில சின்னது விழுகும், பெருசு நிக்கும். இங்க அப்படியே மாத்தி. சோடிய அயனியோட ஆரம் 0.95 ஆங்ஸ்ட்ராம், பொட்டாசியம் 1.33. பெருச விட்டுப்போட்டு சின்னத நிறுத்துது பாருங்க, ரொம்ப வருசத்துக்குப் பிடிபடாத விசயம் இது.

1998ல மெக்கின்னன் குழு ஒரு பாக்டீரியாவோட பொட்டாசிய மதக எக்ஸ்ரே படிக முறையில பாத்துச் சொன்னாங்க, 2003ல அவருக்கு வேதியியல் நோபல். தண்ணியில அயனி தனியா இருக்காது, சுத்தியும் தண்ணி மூலக்கூறு ஒட்டிக்கிட்டு இருக்கும். மதகோட ஒடுக்கமான எடத்துல நுழையறதுக்கு அத உரிச்சுப்போட்டுத்தான் வரோணும், உரிக்கறதுக்கு சக்தி செலவாகும். அந்த ஒடுக்கத்துல நாலு பக்கமும் ஆக்சிஜன் அணு வரிசையா நிக்குது, பொட்டாசியம் வந்தா தண்ணி இருந்த அதே தூரத்துல இந்த ஆக்சிஜன் புடிச்சுக்குது, செலவும் வரவும் சரியாப் போயிருது. சோடியம் சின்னது, எல்லா ஆக்சிஜனையும் ஒரே சமயத்துல எட்ட முடியாது, உரிச்சது நட்டம்னு வெளியவே நின்னுக்குது. இவ்வளவு கறாரா இருந்தும் நொடிக்குப் பத்துக் கோடி அயனி வரைக்கும் போகுதுங்க.

அதனால குணத்த மதகு மேல ஏத்த வேண்டாம், அந்த ஒடுக்கத்துக்குத் தனிப் பேரு வெச்சுக்கலாம், 'தேர்விடுக்கு'. தேர்வுன்னதும் பரீட்சை ஞாபகம் வந்தாலும் பரவால்ல, பொட்டாசியம் பாஸ், சோடியம் ஃபெயில். எதுக்கான மதகுங்கறது முன்னால வர்ற சொல்லுல இருக்குது: பொட்டாசிய மதகு, சோடிய மதகு. கதவு சாத்துனா 'மூடல்', கதவு தொறந்தே இருக்க உள்ள புரதத் துண்டு வந்து சொருகிக்கிட்டா 'அடைப்பு', இந்த ரெண்டையும் கலக்காம எழுதோணும், பாதிக் கட்டுரைல ரெண்டுக்கும் ஒரே சொல்லப் போட்டுக் கொழப்பறாங்க.

கேவி-1, கேவி-3 ரெண்டுக்கும் பேர்தான் இன்னும் அமையலைங்க. 'தாழ்மதகு'ன்னு எழுதிப் பாத்தேன், தாப்பாள் போட்ட மதகுன்னு ஆயிருது. 'முன்திறப்பு', 'பின்திறப்பு'ன்னா முன்வாசல் பின்வாசல் மாதிரி கேக்குது. கோபி அண்ணா, உங்க பக்கம் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்ல மொதல்ல தொறக்கற மதகுக்குன்னு லஸ்கருங்க (மதகு தொறந்து மூடற ஆளுங்க) ஏதாச்சும் தனிப் பேரு சொல்றாங்களான்னு கேட்டு எழுதுங்க.