புதுப்பிப்பு: கணக்கில் வராத இரண்டு மணி நேரம்

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன்: ஆறு மணிக்கு வருகைப்பதிவில் விரல் வைத்துவிட்டு, மறுபடி இருக்கைக்குப் போய் எட்டு வரை வேலை பார்க்கிறோம், அதற்குச் சம்பளம் இல்லை என்று. சங்கத்தில் சேரச் சொன்னீர்கள். எனக்கு மனசில்லை. சங்கம் என்றால் வேலைக்கு டிமிக்கி கொடுப்பவர்களின் கூடாரம் என்று கேட்டே வளர்ந்தவன் நான்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். கிளம்பும் நேரத்தைத் தினமும் ஒரு நோட்டில் குறித்தேன். நான்கு வாரத்தில் 41 மணி நேரம். ஐந்து நாள் வேலை ஓசியில்! மேலாளரிடம் காட்டினேன். "நீங்க ஒருத்தர்தான் இப்படிக் கணக்குப் பார்க்கிறீங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புதான் என்னைச் சங்கத்துக்கு அனுப்பியது.

அங்கே யாரும் கோஷம் போடவில்லை. ஒரு அக்கா நோட்டை வரி வரியாகப் படித்தார். அலுவலக வேலைக்கு நாளுக்கு 8, வாரத்துக்கு 48 மணி நேரம், மிகுதி நேரத்துக்குக் குறைந்தது ஒன்றேகால் மடங்கு ஊதியம் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கை 1930-லேயே வந்துவிட்டதாம். ஏற்றுக்கொண்ட நாடுகளைத்தான் அது கட்டுப்படுத்தும். அதையும் அவரே சொன்னார்.

இப்போது ஒன்பது பேர் நோட்டு எழுதுகிறோம். எட்டு மணிக்குக் கிளம்பும்போதுதான் விரல் வைக்கிறோம். நிர்வாகம் அதற்கு ஒத்துக்கொண்டது. பழைய 41 மணி நேரத்துக்கு இன்னும் பதில் இல்லை. திங்கட்கிழமை பேச்சுவார்த்தை, அந்த அக்காவும் வருகிறார்.